தங்கமீன் ஏன் இறந்தது? உயர்நிலை வகுப்புக்கு ஓர் அறிவியல் வாசிப்பு

இந்த மாதம் நான் பகிர்வது வகுப்பில் எனக்கு ஏற்பட்ட ஒரு தவற்றிலிருந்து வந்தது.

வகுப்பறையின் பின்பக்கம் ஒரு சின்னத் தொட்டியில் நான்கு தங்கமீன்கள் வைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வழக்கம்போல விளக்கு, விசிறி என்று எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன். தொட்டியின் மோட்டாரும் அதே வரிசையில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை நான்கும் மிதந்துகொண்டிருந்தன. மீன்களைக் கொண்டுவந்த உயர்நிலை இரண்டு மாணவி அழவில்லை. கைப்பேசியைத்தான் காட்டினாள். "டீச்சர், தங்கமீன் ஆக்சிஜன் இல்லாமலே மாசக்கணக்குல உயிரோட இருக்கும்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி செத்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. "படிச்சுட்டு வந்து சொல்றேன்மா" என்று சொல்லித் தப்பித்தேன். படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயர். தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலக்கியப் பாடத்தில் கண்ணுக்கு உவமையாகச் சொல்கிறோமே, அந்தக் கெண்டையும், பள்ளிக் குளங்களில் நாம் பார்க்கும் கோய் மீனும் இதே குடும்பம்தான். ஆனால் தங்கமீனுக்கு மிக நெருங்கிய உறவு ஐரோப்பாவில் வாழும் குரூசியன் கெண்டை. மாணவி படித்த செய்தி பொய்யில்லை. அது இந்த இரண்டு மீன்களைப் பற்றியதுதான்.

வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சிறிய குளங்களின் மேல்பரப்பு உறைந்துவிடும். மேலே பனி, அதன்மேல் வெண்பனி. வெளிச்சம் போகாது, காற்றும் கலக்காது. தண்ணீரில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். மற்ற மீன்கள் மடிந்துவிட, குரூசியன் கெண்டை மட்டும் நான்கு, ஐந்து மாதங்கள்கூட உயிரோடு இருக்கும். நம் மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் கிடைக்காவிட்டாலே என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அது எப்படி முடிகிறது? ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுப்பது பெரிய அதிசயம் இல்லை. வேகமாக ஓடும்போது நம் தசைகளும் அதைச் செய்கின்றன. சிக்கல் பிறகுதான் வருகிறது. அப்படி உடைக்கும்போது லாக்டிக் அமிலம் சேரும். சேரச் சேர இரத்தத்தின் அமிலத்தன்மை கூடி, உயிருக்கே ஆபத்தாகும். வட அமெரிக்காவில் பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஓர் ஆமை வகை, தன் ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு இந்த அமிலத்தைச் சமன்செய்துகொண்டு, ஏறக்குறைய மயக்க நிலையில் கிடக்கும். கெண்டைக்கு ஓடு கிடையாது. அதனால் அது அமிலத்தையே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது.

அந்தப் பொருள் எத்தனால். ஆமாம், சாராயத்தில் இருக்கும் அதே எத்தனால்தான். 1980இல் ஷுப்ரிட்ஜ், ஹொச்சாச்கா என்ற இரு ஆய்வாளர்கள் தங்கமீனில் இதைக் கண்டு 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மூளை, கல்லீரல் போன்ற உறுப்புகளில் உண்டாகும் லாக்டிக் அமிலம் இரத்தம் வழியாகத் தசைகளுக்குப் போகிறது. அங்கே அது எத்தனாலாக மாறி, செவுள் வழியாகத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. இதற்கு இரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஆக்சிஜன் இல்லாத நாள்களிலும் குரூசியன் கெண்டையின் இதயம் வேலை செய்வதை நிறுத்துவதில்லை.

எத்தனாலைத் தயாரிக்க ஈஸ்ட்டுக்குத் தெரியும், முதுகெலும்புள்ள பிராணிக்கு எப்படித் தெரிந்தது? ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு விடை சொன்னார்கள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த மீன்களின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டிப்பானது. ஒரு நொதிக்கு இரண்டு பிரதிகள் கிடைத்தன. பாட்டியின் சமையல் குறிப்பை நகலெடுத்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொன்றில் கை வைப்பதுபோலத்தான். மூலப்பிரதி பழைய வேலையைப் பார்க்கிறது. மற்றது மாறிப்போய், ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் எத்தனாலுக்கு வழிவிடுகிறது.

பனிக்கடியில் இருக்கும் மீனின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். நார்வேயில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 20, நம் சிங்கப்பூரில் 80. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே ரகளை. "அப்ப இங்க ஓட்டுனா பிடிக்க மாட்டாங்களா டீச்சர்?" (இந்த இடத்தில் ஐந்து நிமிடம் போகும். முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.)

சிரிப்புக்குப் பின்னால் ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது. லாக்டிக் அமிலத்தை உடம்பிலேயே வைத்திருந்தால், ஆக்சிஜன் திரும்பி வந்ததும் அதிலிருந்து சக்தி எடுக்கலாம். எத்தனால் தண்ணீரோடு போனால் போனதுதான். எனவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இந்த மீன் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை ஏராளமாகச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சேமிப்பு தீரும்வரைதான் அதற்கு ஆயுள். குளிரில் உடலின் தேவை குறைவு. அது தன் செலவையும் வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. அதனால் சேமிப்பு மாதக்கணக்கில் வரும். வெதுவெதுப்பான நீரில் அதே சேமிப்பு சில மணி நேரத்துக்கோ, ஓரிரு நாளுக்கோதான்.

என் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. மீதிப் பாதி செவுளில் இருக்கிறது.

குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் குரூசியன் கெண்டையின் செவுளைப் பார்த்தால், சுவாசிக்க உதவும் மெல்லிய மடிப்புகளே வெளியில் தெரியாது. இடைவெளிகளை உயிரணுக்கள் அடைத்திருக்கும். ஆக்சிஜன் குறையும்போது அந்த உயிரணுக்கள் ஒதுங்கி, மடிப்புகள் வெளிப்படும். சுவாசப் பரப்பு ஏறத்தாழ ஏழரை மடங்கு கூடுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியென்றால் எப்போதும் திறந்தே வைத்திருக்கலாமே? திறந்த செவுள் வழியாக உடலின் உப்பு வெளியே போகும். அதை ஈடுகட்டச் சக்தி செலவாகும். கதவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கசிவு.

தண்ணீர் சூடானாலும் இந்த மடிப்புகள் வெளிப்பட்டுவிடும். 25 டிகிரியில் குரூசியன் கெண்டையின் செவுள் முன்கூட்டியே திறந்துதான் இருக்கிறது. 0 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான். இருப்பு பாதி, தேவையோ பல மடங்கு. இப்போது எங்கள் தொட்டியைப் பாருங்கள். வார இறுதியில் குளிரூட்டி இல்லாத மூடிய அறை, சின்னத் தொட்டி, நான்கு மீன்கள். அவசரத்துக்கென்று வைத்திருந்த கையிருப்பை அவை ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்தன. மோட்டார் நின்றதால் வடிகட்டியும் நின்றது, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். நான் எதை அணைத்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாணவியிடம் இதை வகுப்பு முடிந்ததும் தனியாகச் சொன்னேன். "நீ படிச்சது சரிதான்மா. அது பனிக்குளத்து மீனப் பத்தினது. நம்ம தொட்டி வேற. சுவிட்ச அணைச்சது நான்தான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கண்ணாடிக் கிண்ணத்துல வச்சு விக்கிறாங்களே, அது?" என்று கேட்டாள். தங்கமீன் எதையும் தாங்கும் என்ற பேச்சை இனிமேல் நான் சொல்லப்போவதில்லை.

இதைக் கருத்தறிதல் பயிற்சியாக வைக்க விரும்பினால் ஒரு சின்ன யோசனை. ஆக்சிஜன், பிராணவாயு, உயிர்வளி என்று மாணவர்கள் மூன்றையும் கலந்து எழுதுவார்கள். எதுவும் தவறில்லை, ஆனால் ஒரே விடையில் ஒன்றையே பயன்படுத்தச் சொல்லுங்கள். செவுள், நொதி, பிரதி என்ற மூன்று சொற்களை முதலில் விளக்கிவிட்டால் போதும். கேள்விகளில் "குரூசியன் கெண்டை எத்தனாலை எப்படி வெளியேற்றுகிறது?" என்பதற்கு எல்லாரும் விடை எழுதினார்கள். "பனிக்குளத்தில் பிழைக்கும் மீன் வகுப்பறைத் தொட்டியில் ஏன் பிழைக்கவில்லை?" என்பதற்கு இரண்டு காரணங்களையும் இணைத்து எழுதியவர்கள் என் வகுப்பில் மூன்று பேர்தான். அதில் ஒருத்தி அந்த மாணவி.