நெல்லை அல்வா

பொதிய மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரைகளையும் நெல்வயலாக்கிய ஆறு. நெல்லையே பெயரில் தாங்கிய திருநெல்வேலி, கோதுமையாலாகிய ஓர் இனிப்பால் புகழ் பெற்றது வியப்பன்றோ! அல்வா என்பதும் இனிப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல்லே. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலை வேளையில் திறக்கும் இருட்டுக்கடையை நிறுவிய குடும்பத்தாரும் இராசத்தானத்திலிருந்து வந்தவரே. தானியமும் பெயரும் வெளியிலிருந்து வந்தன எனின், நெல்லைக்கு உரியது யாது? ஆற்றுநீரின் சுவையே என்பர் ஊரார். நீரின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் கையின் பங்கைக் காணாது விடுதல் முறையன்று.

சம்பாக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பாலெடுப்பர். அப்பால் இரவு முழுதும் அசையாதிருத்தல் வேண்டும். மேலே தெளிந்த நீரை இறுத்தபின், சற்றே புளிப்பேறிய அடிப்பாலே எஞ்சும். மேனாட்டார் ஆவின்பாலைத் திரைத்துப் பாலாடைக்கட்டி ஆக்குவதும் இத்தகைய பொறுமைத் தொழிலே. பின்னர்ச் சீனி சேர்த்து அடுப்பேற்றிக் கிண்டுவர். கை ஓய்ந்தால் அடிபிடிக்கும். விரைந்து இறக்கினாலோ பச்சை மாவின் வாடை போகாது. சிறிது சிறிதாக வார்க்கும் நெய்யை அல்வா முதலில் உறிஞ்சிக்கொள்ளும். பதம் வந்ததும் தானே வெளியே கக்கும். அந்நொடியை அறியும் கருவி, கிண்டுவோன் கண்ணும் கையுமே.

வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்த அல்வா விரலில் ஒட்டாது நழுவும். பல்லுக்கு வேலையின்றித் தொண்டையில் இறங்கும். இனிப்புத் திகட்டாதிருக்க, உடனே ஒரு பிடி காராச்சேவை வாயிலிடுவோரும் உளர்.