ஓவியர் நின்ற மரநிழலில்

பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் ஓவியர் கிளாத் மோனே நின்று வரைந்த இடங்களைப் பயணிகள் இன்றும் தேடிச் சென்று காண்கின்றனர். லெ ஆவர் துறைமுகத்தின் விடியலை அவர் 1872-ஆம் ஆண்டில் தீட்டினார். அந்த ஓவியத்தின் தலைப்பிலிருந்தே ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் கலைப் பாணியின் பெயர் பிறந்தது.

பெங்களூருக்குக் கடல் இல்லை, பூமரங்கள் உண்டு. அவற்றை வண்ணங்களாக்கியவர் ருமாலெ சென்னபசவய்யா (1910–1988). விடுதலைப் போராட்ட வீரராகவும் காந்தியவாதியாகவும் விளங்கிய அவர், பின்னாளில் அரசியலை விட்டு ஓவியத்தில் ஆழ்ந்தார். மோனேயைப் போலவே திறந்த வெளியில், கண்முன் நின்ற காட்சியை வரைந்தார்.

அவர் வரைந்த இடங்களுள் இரண்டை ஒரே காலையில் கண்டுவிடலாம். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக்கில் நடையைத் தொடங்குங்கள். அங்குள்ள பாறைக்குன்றின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அதன் உச்சியில் நின்றால் மரமுடிகளின் நிறவேறுபாடு தெளிவாகத் தெரியும். பின்னர் மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, 1870-இல் உருவான கப்பன் பூங்காவில் இறங்குங்கள். உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடத்தருகே பச்சை இன்னும் அடர்ந்து தோன்றும்.

எந்த மாதத்தில் செல்வது? 1908-இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பீகல், ஒருவகை மரம் பூத்து ஓய்கையில் மற்றொன்று பூக்குமாறு நகரின் சாலைகளில் மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். மார்ச் மாதத்தில் ஜகரண்டாவின் ஊதா. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகரின் சிவப்பு. ஓவியருக்கு அந்த ஏற்பாடே நாட்காட்டியாயிற்று. ஆகவே ஒருமுறை சென்றால் இந்த நடை நிறைவுறாது.

மாலையில் ராஜாஜிநகரிலுள்ள ருமாலெ இல்லத்தில் அவருடைய ஓவியங்களைக் காணலாம். முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம்.

நார்மண்டியின் பாறைகள் இன்றும் மோனே கண்டபடியே நிற்கின்றன. மரங்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. ஒரு கோடைமழைக் காற்றும் ஒரு சாலை விரிவாக்கமும் அவற்றைச் சாய்க்கப் போதும். சாய்ந்த மரம் ஓவியத்தில் மட்டுமே பூக்கும். நிற்கும் மரங்களை, அவை பூக்கும் மாதத்திலேயே, உங்கள் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து காணுங்கள்.