யோனத்தானின் வில்

சென்ற பள்ளி விழாவில் நாங்கள் நடித்த தாவீது, யோனத்தான் நாடகத்தைப் பார்த்தவர்கள் அந்த வில்லை மறந்திருக்க மாட்டார்கள். நண்பனை எச்சரிக்க யோனத்தான் மூன்று அம்புகள் எய்ய வேண்டும். முதல் அம்பு அவன் காலடியிலேயே விழுந்தது. மற்ற இரண்டும் கிளம்பவே இல்லை. அவையில் ஒரே சிரிப்பு! அன்று காலையில்தான் வெட்டி வளைத்த பச்சை மூங்கில் அது.

"ஈர மூங்கிலை வளைச்சா வளைஞ்சபடியே நின்னுடும் பாப்பா" என்றார் எங்கள் தோட்டக்காரத் தாத்தா. காரணத்தை அறிய முற்பட்டோம். வில்லை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய உட்பக்கம் நசுங்குகிறது. ஈரமான இழை நசுங்கினால் பழைய நிலைக்கு மீள்வதில்லை. ஆகவே வில் செய்வதில் பெரும் வேலை, மரத்தைக் காய வைப்பதே.

வட அமெரிக்காவில் ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தில் வில் செய்கிறார்கள். அங்குள்ள பழங்குடியினரும் அதைப் பயன்படுத்தினர். குளிர்காலத்தில் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகோ பசையோ பூசி வைப்பார்கள். முனை வழியே ஈரம் விரைந்து வெளியேறினால் விரிசல் காணும் அல்லவா? பட்டைக்கு அடியில் உள்ள ஆண்டு வளையத்தை அறுக்காமல் அதையே வில்லின் வெளிப்பக்கமாக வைப்பார்கள்.

நம் சேர்வராயன் மலையில் ஹிக்கரி இல்லை, மூங்கில் உண்டு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறோமே, அந்தச் சரிவுகளில் மூங்கில் புதர்களைப் பார்க்கலாம். காட்டு மூங்கிலை வனத்துறை அனுமதியின்றி வெட்டக் கூடாது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மட்டும், 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பின், சட்டத்தின் கண்ணில் மரமல்ல. (தாவர நூலில் அது என்றுமே புல்தான்!) எங்களுக்குத் தோட்டத்து மூங்கிலே போதுமானதாக இருந்தது.

மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கில் உதவாது. இளங்கழியில் உறை ஒட்டியிருக்கும், வெண்பொடி படிந்திருக்கும். முற்றியது நிறம் மங்கி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மழைக்காலத்தில் வெட்டலாகாது, அப்போதுதான் புதுக் குருத்து வரும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்றார் தாத்தா. பூச்சி நாடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கூறினார். சில வாரம் நீரில் ஊறப் போட்டால் அச்சத்து பெரிதும் கரைந்துவிடும். பிறகு நிழலில், தரை ஈரம் படாமல் கல்லின் மேல் நிறுத்தி, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். இது எங்களைப் போன்ற அவசரக்காரிகளுக்கு மிகவும் கடினமான பாடம்.

உலர்ந்ததைப் பிளந்து, உட்பக்கத்தை மட்டும் செதுக்க வேண்டும். வலிய இழைகள் பச்சைத் தோலை ஒட்டியே நெருங்கியிருப்பதால் தோலில் கத்தி படக் கூடாது. நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட ராஜஸ்தானின் லிம்பா ராம், சிறுவயதில் மூங்கில் வில்லில்தான் பழகினாராம்.

இப்போது சமையற்கட்டின் பின்புறச் சுவரில் மூன்று கழிகள் சாய்ந்து நிற்கின்றன. சிஸ்டர் தினமும் அவற்றைத் தட்டிப் பார்க்கிறார். "இன்னும் ஆகவில்லை" என்கிறார்.