குடிசையில் பிறந்த மருத்துவ அமைப்பு: சிட்டிலிங்கி மக்கள் செய்து காட்டியது

சிம்பாங் ரெங்கம் - சிம்பாங் ரெங்கம், ரெங்கம், லாயாங்-லாயாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘டிரஸர்’ என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சலோ வெட்டுக்காயமோ, முதலில் ஓடியது தோட்டத்து மருந்தகத்திற்குத்தான். தோட்ட நிர்வாகமும் இல்லை, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? இங்குள்ள பலரின் முன்னோர் கப்பலேறி வந்த பழைய சேலம் ஜில்லாவிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

இன்றைய தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ளது சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மலைவாழ் மக்களும் லம்பாடி இனத்தவரும் அங்கு வாழ்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரூருக்குச் செல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால் அதையும் தாண்டிப் போக வேண்டும். பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதாவது ஏழு குழந்தைகளில் ஒன்று. வயிற்றுப்போக்கு, நிமோனியா, பிரசவச் சிக்கல் போன்ற தடுக்கக்கூடிய காரணங்களே பெரும்பாலும் அந்த உயிர்களைப் பறித்தன.

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா இருவரும் கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்துத் தம்பதியரானவர்கள். திண்டுக்கல் அருகே காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றியபோது, சாதாரண நோய்க்குக்கூட ஏழைகள் வெகுதூரம் பயணம் செய்து, முற்றிய நிலையில் வந்து சேர்வதைப் பார்த்தார்கள். நோயாளி மருத்துவரைத் தேடி வருவதைவிட, மருத்துவர் நோயாளி இருக்கும் இடத்திற்குப் போனால் என்ன? இந்தக் கேள்வியோடு இந்தியாவின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிட்டிலிங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1993இல் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அங்கு உருவானது. கட்டடம் கட்டப் பணமில்லை. ஊர் மக்களின் கைகொடுப்போடு மண்சுவரும் கூரையும் கொண்ட குடிசை எழுந்தது. அதில்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிரசவமும் பார்த்தார்கள். 100 வாட் விளக்கொளியில் சிறு அறுவைச் சிகிச்சைகளும் நடந்தன. நண்பர்களின் நன்கொடையே முதல் மூலதனம். முறையான மருத்துவமனைக் கட்டடம் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கை மாற்றியது கட்டடம் அல்ல. வெளியூர் தாதியர் அந்தக் காட்டு ஊரில் வந்து தங்குவது கடினம். ஆகவே பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் உட்பட, உள்ளூர்ப் பெண்களையே தாதியராகப் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்ப்பது முதல் அறுவைச் சிகிச்சையில் உதவுவது வரை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அடுத்து, ஒவ்வோர் ஊரிலும் ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற மூத்த பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். கர்ப்பிணிகளைக் கவனிப்பது, சுத்தமான பிரசவத்திற்கு வழி சொல்வது, ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவை அவர்கள் வேலை.

இதில் பெரிய இயந்திரம் எதுவுமில்லை. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தாலே பல குழந்தைகள் பிழைக்கும். மகாராஷ்டிர மாநிலத்தின் ஜாம்கேட்டில் டாக்டர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970இல் தொடங்கிய பணியும் இப்படி ஊர்ப் பெண்களை நம்பியே வளர்ந்தது.

சிட்டிலிங்கியில் குழந்தை இறப்பு பின்னர் பல மடங்கு குறைந்தது. பிறகு மக்களின் வருமானம் பற்றிய பேச்சும் எழுந்தது. இயற்கை விவசாயிகளுக்கு ஒரு சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்கு ‘போர்கை’ என்ற அமைப்பும் பிறந்தன. போர்கை என்றால் அவர்கள் மொழியில் ‘பெருமை’ என்று பொருள். வயிறு நிறையாத வீட்டில் மருந்து மட்டும் வேலை செய்யாது என்பதே காரணம்.

சிம்பாங் ரெங்கம் நிலைமை வேறு. இங்கு அரசு சுகாதாரக் கிளினிக் உண்டு, குளுவாங்கில் பெரிய மருத்துவமனையும் உண்டு. ஒரு ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் நோயும் மாறிவிட்டது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் கிளினிக் பக்கம் போக மாட்டார்கள். அவர்களுடைய வீட்டுக் கதவைத் தட்ட, தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

அப்படியொரு குழு அமைப்பது எட்டாத காரியமல்ல. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்திற்கு ஏழு பேர் போதும். கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்க்கலாம். மருந்தை விட்டவர்களைத் தேடிச் சென்று பேசலாம். வாகனமில்லாத முதியவரைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போகலாம். சிட்டிலிங்கி தொடங்கியதும் கட்டடத்தில் அல்ல, ஊரை அறிந்த சில பெண்களிடம்தான். அத்தகைய பெண்கள் இங்கு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள்.