இரும்பை அளந்து வாங்கும் செல்

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய தாழிகளில் மனித எலும்புகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளும் இருந்தன. பக்கத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 வரை போவதாகத் தமிழகத் தொல்லியல் துறை 2025இல் அறிவித்தது. ஆதிச்சநல்லூர் வாளைப் பிடித்த ஆளின் உடம்புக்குள்ளும் மூன்று நான்கு கிராம் இரும்பு இருந்திருக்கும். வாளைத் துரு தின்றது. அவர் உயிரோடிருந்தவரை உள்ளே இருந்த இரும்பு அவரை ஒன்றும் செய்யவில்லையே, எப்படி?

இத்தனைக்கும் அதுவும் ஆபத்தான சரக்குதான். செல்லுக்குள் தனித்துத் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால், டி.என்.ஏ.வையே சிதைக்கும் மூலக்கூறுகள் பிறக்கும். ஆதிச்சநல்லூர் பக்கம் ஓடும் தாமிரபரணியில் மிஞ்சிய தண்ணீர் புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடும். உடம்பில் மிஞ்சிய இரும்புக்கு அப்படியொரு முகத்துவாரம் கிடையாது. வாங்கும்போதே அளந்துதான் வாங்க வேண்டும்.

ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வருவது டிரான்ஸ்ஃபெரின். அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. உள்ளே வந்ததில் மிச்சத்தைப் பூட்டிவைப்பது ஃபெரிட்டின். ஒரு ஃபெரிட்டின் கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

ஏற்பி, ஃபெரிட்டின் இரண்டையும் ஒரே புரதம் ஆட்டிவைக்கிறது என்பதுதான் ரசமான சங்கதி. இரும்பு குறைந்தால், ஐ.ஆர்.பி. 1 என்ற அந்தப் புரதம் ஏற்பிக்கான ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு அது சிதையாமல் காக்கிறது, ஏற்பிகள் பெருகுகின்றன. அதே புரதம் ஃபெரிட்டினுக்கான ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதியில் ஒட்டினால் ஃபெரிட்டின் உற்பத்தி நின்றுவிடுகிறது. பஞ்ச காலத்தில் கிடங்கு எதற்கு? இரும்பு பெருகியதும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்து ஒன்று அந்தப் புரதத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். உடனே அது ஆர்.என்.ஏ.வை விட்டுவிட்டு, சிட்ரேட்டை மாற்றும் சாதாரண நொதியாக வேறு வேலைக்குப் போய்விடுகிறது. இரும்பை அளப்பதற்கு இரும்பையே கருவியாக வைத்திருக்கிறது செல்.

உடம்பு முழுவதற்குமான கட்டுப்பாடு கல்லீரலில். அங்கே சுரக்கும் ஹெப்சிடின், குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வழியை அடைக்கிறது. ஒரு இரும்பு மாத்திரை போட்டால் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஹெப்சிடின் உயர்ந்தே இருக்கும்; மறுநாள் மாத்திரையிலிருந்து சேரும் இரும்பு குறையும். இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் சோதித்தபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட மாத்திரையிலிருந்தே கூடுதலாக இரும்பு சேர்ந்தது. இங்கே இது சின்ன விஷயமல்ல: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காய்ச்சலோ தொற்றோ வந்தாலும் ஹெப்சிடின் ஏறும். கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் ஒளித்துவைக்கும் ஏற்பாடு அது. ஆகையால் அடிக்கடி காய்ச்சலில் படுக்கும் பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் மாத்திரையும் தவறாமல் கொடுத்தும் ரத்தம் ஊறாமல் போவதுண்டு.