பக்கத்து வீட்டில் இணையம் இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் வீடு வாங்குபவர் கூரையையும் கரையானையும் ஆள் வைத்துச் சோதிக்கிறார்; இணையத்தை மட்டும் 'இந்தப் பகுதியில் கிடைக்கும்' என்ற விளம்பர வரியிடம் விட்டுவிடுகிறார். அந்த வரி ஏன் பொய்க்கிறது? ஒரு காரணம் கணக்கெடுப்பு. ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு கட்டடத்துக்கு இணைப்புத் தர முடிந்தாலும், கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் பல ஆண்டுகளாகத் தொகுதி முழுவதையும் வசதி பெற்றதாகவே எண்ணியது. கட்டடவாரியான வரைபடம் 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்கும் தரவு தருபவை பெரும்பாலும் இணைப்பு விற்கும் நிறுவனங்களே!

மறு காரணம் இயற்பியல். தொலைபேசிச் செப்புக் கம்பியில் வேகம் கூட வேண்டுமானால் உயர் அதிர்வெண்கள் வேண்டும்; அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் ஒதுங்கி, தடை கூடி, சிக்னல் தேய்கிறது. அதனால் தெருமுனைப் பெட்டியருகே விரையும் வி.டி.எஸ்.எல். என்ற செப்புக் கம்பி இணைப்பு, ஒரு கிலோமீட்டர் தாண்டினால் வெகுவாக மந்தமாகிவிடும். மாறாக, கண்ணாடி இழையில் 1550 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் இழக்கிறது. ஆனால் இழை தெருவில் ஓடுவது வேறு, வாசலுக்கு வருவது வேறு. சாலையிலிருந்து தள்ளி நிற்கும் கிராமத்து வீடானால் பள்ளம் தோண்டும் செலவு வாங்குபவர் தலையில் விழலாம்.

செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இருக்கையில் இந்தக் கவலை எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் குறைவு. ஆனால் உயர்ந்த மரங்கள் வானத்தை மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு அறும். கொள்ளளவையும் சுற்றுவட்டாரத்தோடு பகிர வேண்டும். எனவே வரைபடத்தில் முகவரியைத் தேடுவது தொடக்கம் மட்டுமே. அதே முகவரிக்கு நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி கேட்பதும், இப்போது குடியிருப்பவரின் இணைப்பில் வேகத்தை அளந்து பார்ப்பதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முடிய வேண்டிய வேலைகள்.