தீர விசாரிப்பதே மெய்

யார் அழகானவர் என்பது குறித்து ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. தவறு செய்தவரை எவ்வாறு தண்டிக்க வேண்டும் என்பது குறித்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. முதற்கருத்து திருமணப் பேச்சிலும் விளம்பரத்திலும் வெளிப்படுகிறது. இரண்டாம் கருத்து வகுப்பறையிலும் தெருவிலும் வெளிப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும், ஒருவரைக் கண்டவுடனேயே அவர் இத்தகையவர் என்று முடிவு செய்துவிடும் பழக்கம் பல வேளைகளில் இரண்டுக்கும் அடிப்படையாக அமைகிறது. அப்பழக்கத்தின் விளைவைக் கேரளத்தின் தமிழக எல்லையில் உள்ள இரண்டு மலைப்பகுதிகள் நன்கு உணர்த்துகின்றன. அவற்றுள் ஒன்று இடுக்கி மாவட்டத்திலும், மற்றொன்று பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளன.

எல்லை மலையில் ஒரு கோயில்

இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. கேரளமும் தமிழகமும் சந்திக்கும் மலை உச்சி அது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளன்று மட்டும் மக்கள் அங்குச் செல்ல அனுமதிக்கப்படுகின்றனர். அன்று குமுளியிலிருந்து ஜீப்புகளில் வருவோரும், தேனி மாவட்டத்துப் பளியங்குடியிலிருந்து மலையேறி வருவோரும் அங்கு ஒன்றுகூடுகின்றனர். மதுரையை விட்டு வந்த கண்ணகி சேர நாட்டில் நின்ற மலை இதுவே என்று மக்கள் நம்புகின்றனர்.

கண்ணகியின் துயரம் விசாரணையற்ற ஒரு தண்டனையிலிருந்து தொடங்கியது. பொருளை இழந்த கோவலன், மனைவியின் காற்சிலம்பை விற்று மீண்டும் வணிகம் தொடங்க எண்ணி மதுரைக்கு வந்தான். பாண்டிமாதேவியின் சிலம்பை முன்னரே திருடியிருந்த பொற்கொல்லன் ஒருவன், கோவலனிடம் இருந்த சிலம்பைக் கண்டான். தன் குற்றத்தை மறைக்க இதுவே தக்க வாய்ப்பு என்று கருதி, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்று அரசனிடம் கூறினான். ஊடல் கொண்ட அரசியைத் தேற்றச் சென்றுகொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலனை அழைத்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஆணையிட்டான்.

இவ்விடத்தில் இளங்கோவடிகள் நுட்பமான ஒரு செய்தியைச் சொல்கிறார். கொலை செய்யச் சென்றவர்கள் கோவலனைக் கண்டதும் தயங்கினர். இவனுடைய தோற்றம் கொல்லத் தக்கவனின் தோற்றமாக இல்லை என்று அவர்களுக்குப் பட்டது. அவர்களுடைய இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இரக்கத்துக்கு அவர்கள் காட்டிய காரணம் வலுவற்றது. கள்வர் எத்தகைய வேடமும் புனைவர் என்று பொற்கொல்லன் வாதிட்டபோது, அவர்களிடம் மறுமொழி இல்லை. இறுதியில் கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசினான். தோற்றம் குற்றத்துக்கும் சான்றாகாது. குற்றமின்மைக்கும் சான்றாகாது என்பதை இக்காட்சி தெளிவாக்குகிறது.

உண்மையான சான்று சிலம்புக்குள் இருந்தது. அரசியின் சிலம்பில் முத்துகள் இருந்தன. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கங்கள் இருந்தன. கண்ணகி அரசவையில் தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. முன்னதாகவே ஒரு கேள்வி கேட்டு, ஒரு பரலைப் பார்த்திருந்தால் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். தன் தவற்றை உணர்ந்த அரசன் அந்த இடத்திலேயே உயிர் துறந்தான். ஆனால் நிறைவேறிய தண்டனையைத் திரும்பப் பெற அவனாலும் இயலவில்லை.

அட்டப்பாடியில் நிகழ்ந்தது

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், கோயம்புத்தூர், நீலகிரி மாவட்டங்களை ஒட்டி அட்டப்பாடி மலைப்பகுதி உள்ளது. பவானியும் சிறுவாணியும் அதன் வழியே பாய்கின்றன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களோடு, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் அங்கு வாழ்கின்றனர்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், மது என்னும் பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் ஒரு கூட்டம் பிடித்தது. அவர் மனநலம் குன்றியவர். ஊரை விட்டு விலகிக் காட்டுக் குகையில் வாழ்ந்து வந்தவர். கடைகளில் அரிசியும் உணவுப் பொருள்களும் திருடினார் என்று அவர்மீது குற்றம் சாட்டினர். அவருடைய கைகளைக் கட்டி முக்காலி என்னும் இடத்துக்கு நடத்தி வந்தனர், வழியிலும் அடித்தனர். கட்டுண்டு நின்ற அவரோடு தற்படம் எடுத்தவரும் அக்கூட்டத்தில் இருந்தார். பின்னர்க் காவலரிடம் ஒப்படைக்கப்பட்ட மது, மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிரிழந்தார்.

திருட்டு நிகழ்ந்தால் கடைக்காரர் சினம் கொள்வது இயல்பே. எனினும் சினம் சான்றாகாது. குற்றம் உண்மையாகவே இருந்தாலும், அதனை ஆராய்ந்து முடிவு கூற வேண்டியது நீதிமன்றம். அக்காலத்தில் நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு விதித்த மிகுதியான சிறைத் தண்டனை மூன்று ஆண்டுகள். காவல்துறையில் ஒரு முறையீடு அளித்திருந்தால், அவர் நோயுற்றவர் என்பதும் உணவின்றித் தவித்தவர் என்பதும் வெளிப்பட்டிருக்கும். அவருக்கு வேண்டியது சிகிச்சையா, தண்டனையா என்ற கேள்வியும் எழுந்திருக்கும். வாரப்படாத தலைமுடியையும் நைந்த உடையையும் பார்த்தவர்கள், அவற்றுக்குப் பின்னால் இருந்த நோயையும் பசியையும் பார்க்கவில்லை.

மதுவின் தாயும் உடன்பிறந்தவரும் நீதி கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். சாட்சிகள் பலர் முதலில் கூறியதை மாற்றிக் கூறிய நிலையிலும் வழக்கு தொடர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மன்னார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. அவர்களுள் 13 பேருக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. இருவர் விடுதலை செய்யப்பட்டனர். இங்கு ஒரு வேறுபாட்டைக் காணலாம். கூட்டம் மதுவுக்குச் சில மணி நேரத்தில் தீர்ப்பளித்தது. நீதிமன்றமோ குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் மறுத்துப் பேசவும் வாய்ப்பளித்தது. ஒவ்வொருவர்மீதும் உள்ள சான்றைத் தனித்தனியே ஆராய்ந்தது. மதுவுக்குக் கிடைக்காத விசாரணை, அவரைத் தாக்கியவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு கிடைப்பதே சட்டத்தின் பெருமை.

மொழியே குற்றமாகும்போது

தோற்றம் என்பது முகமும் உடையும் மட்டும் அன்று. பேசும் மொழியும் ஒருவரை அடையாளப்படுத்துகிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களின் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் எல்லை கடந்து வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவோரும் பலர்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முல்லைப் பெரியாறு அணை குறித்த பூசல் முற்றியபோது, இத்தோட்டத் தொழிலாளர் பலர் அச்சுறுத்தப்பட்டு எல்லைக்கு இப்பால் ஓடிவர நேர்ந்தது. அதே நாள்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. குமுளி வழிப் போக்குவரத்தும் நின்றது. அணையின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பதில் ஏலக்காய் பறிக்கும் பெண்ணுக்கும் பங்கில்லை. தேநீர்க் கடை நடத்துபவருக்கும் பங்கில்லை. ஆயினும் மொழி என்னும் ஒரே காரணத்தால் இருவரும் தண்டிக்கப்பட்டனர். இரு பக்கத்தாரும் தம்மவர் பட்ட துன்பத்தை மட்டும் நினைவில் வைத்தால், இந்நிகழ்ச்சியின் பாதி உண்மையே எஞ்சும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கூட்டக் கொலையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. இனம், சாதி, பால், பிறந்த இடம், மொழி முதலியவற்றைக் காரணமாகக் கொண்டு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒருவரைக் கொன்றால், அக்கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மரண தண்டனையோ வாழ்நாள் சிறைத் தண்டனையோ விதிக்கலாம். சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் எவருக்கும், ‘பிறந்த இடம்’, ‘மொழி’ ஆகிய சொற்கள் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது பொருள் மிக்கது.

நிறமும் மதிப்பும்

அடியோ உதையோ இல்லாமலும் ஒருவரைத் தண்டிக்க இயலும். நிறத்தைச் சுட்டிக் கேலி செய்வது அத்தகைய தண்டனையாகும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அப்போது கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் தம் அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவரின் பணிக்காலம் வெண்மை என்றும், மனைவியின் பணிக்காலம் கருமை என்றும் ஒருவர் ஒப்பிட்டதே அவரை எழுதத் தூண்டியது. நான்கு வயதில், தன்னை மீண்டும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க முடியுமா என்று தாயிடம் கேட்டதாக அவர் குறிப்பிட்டார். கருமையின் அழகைத் தமக்கு உணர்த்தியவர்கள் தம் பிள்ளைகளே என்றும் கூறினார். மாநிலத்தின் மிக உயர்ந்த அலுவலருக்கே இந்நிலை எனில், வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியின் நிலையை எளிதில் உணரலாம்.

இக்குறை கேரளத்துக்கு மட்டும் உரியது அன்று. தமிழ்நாட்டுத் திருமண விளம்பரங்களும் ‘சிவந்த நிறம்’ வேண்டும் என்று கேட்டு வந்துள்ளன. நிறத்தை வெளுப்பாக்கும் என்று சொல்லி 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக் குரல்களுக்குப் பிறகு 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கியது. தோலின் நிறத்தை மெலனின் என்னும் நிறமி தீர்மானிக்கிறது. கடும் வெயிலின் கதிர்களிலிருந்து உடலைக் காப்பதும் அதுவே. அந்நிறமி ஒருவருடைய நேர்மையையோ அறிவையோ தீர்மானிப்பதில்லை. ‘கறுப்பு என்றால் குறைவு’ என்று விளையாட்டாகச் சொல்லப்படும் சொல், ‘இவன் முகமே கள்வனின் முகம்’ என்ற முடிவுக்கு முதற்படியாகிவிடக் கூடும்.

பள்ளியில் தண்டனை

‘அடியாத மாடு படியாது’ என்பது பழமொழி. கண்டிப்பு இல்லையேல் ஒழுங்கு இராது என்று கருதும் பெற்றோரும் ஆசிரியரும் இன்றும் உள்ளனர். பிள்ளை நெறி தவறக் கூடாது என்ற அவர்களுடைய அக்கறை மெய்யானது. ஆனால் அடி, தவற்றுக்கான காரணத்தைக் கண்டறிவதில்லை. வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் சோம்பலால் செய்யாதிருக்கலாம். பாடம் விளங்காததால் செய்யாதிருக்கலாம். பயிற்றுமொழி அவனுக்குப் புதியதாக இருப்பதாலும் செய்யாதிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே அடி விடையாகாது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு மூன்றாவது காரணம் நன்கு தெரியும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனது 17ஆம் பிரிவில், மாணவருக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனத் துன்புறுத்தல் செய்வதையும் தடை செய்கிறது. பிறர் முன்னிலையில் நிறத்தையோ மொழியையோ சொல்லி இழிவுபடுத்துவதும் மனத் துன்புறுத்தலே. தவற்றைத் திருத்த வேண்டாம் என்று சட்டம் கூறவில்லை. எடுத்த பொருளைத் திருப்பித் தருதல், உடைத்ததைச் சரி செய்தல், மன்னிப்புக் கேட்டல் ஆகியவை தவற்றைத் திருத்தும், செய்தவரையும் சிறுமைப்படுத்தா.

கருத்துக்கு முன் ஒரு கேள்வி

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழர் வழங்கும் முதுமொழி. கருத்துக் கொள்வது ஒவ்வொருவருடைய உரிமை. அக்கருத்து மற்றொருவரைத் தொடும்போது, சில கேள்விகளுக்கு விடை காண்பது கடமையாகிறது. இதற்குச் சான்று என்ன? சொன்னவருக்கு இதில் ஆதாயம் உண்டா? குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார்? முடிவு தவறானால் அதனைத் திருத்த இயலுமா? பாண்டியன் இவற்றுள் மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தாலும் மதுரை எரிந்திராது.

அக்கேள்வியைக் கேட்டவர்களும் சிலப்பதிகாரத்தில் இருக்கின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி, சேர நாட்டு மலையில் வேங்கை மர நிழலில் வந்து நின்றாள். அவளுடைய கோலம் கண்டவர் நடுங்கத் தக்கதாக இருந்தது. அம்மலையில் வாழ்ந்த குறவர் அவளை விரட்டவும் இல்லை; கல்லெறியவும் இல்லை. நீங்கள் யார் என்று மதிப்புடன் கேட்டனர். அவள் தன் துயரைச் சொன்னாள், அவர்கள் கேட்டனர். அவளைத் தெய்வம் என்று முதலில் அறிந்து போற்றியவர்கள் அம்மலைமக்களே.